வழியனுப்பு

சென்ற மே மாதம் காரமடையிலிருந்து ஒரு நண்பர் என்னைத் தேடிக்கொண்டு கோயமுத்தூருக்கு வந்தார். பள்ளிக்கூடத்து வாத்தியார். ஒரு கையில் நாலாக மடித்த தாள். மறு கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். தாளும் பழமும் சேர்ந்து வந்தால் எழுதுகிறவனுக்குக் கூலியில்லாத வேலை ஒன்று வந்திருக்கிறது என்று அர்த்தம். நான் நினைத்தது சரிதான். அவர்கள் தலைமை ஆசிரியருக்கு அந்த மாதக் கடைசியோடு உத்தியோகம் முடிகிறது. விழாவில் படித்துக் கொடுக்க ஒரு வாழ்த்து மடல் வேண்டும்.

"நீங்க நம்மூர்க்காரரு. நாலு வரி நல்லா வர்ற மாதிரி எழுதிக் குடுத்தீங்கன்னா, கண்ணாடி போட்டு மாட்டிக் குடுத்துருவோமுங்க" என்றார்.

இப்படி இதுவரை பதினைந்து இருபது மடல்கள் எழுதியிருப்பேன். கதை எழுதுகிறவன் என்று வெளியூரில் என்னைச் சொல்லுவார்கள். எங்கள் பக்கத்தில் எனக்குள்ள கியாதி மடல் எழுதியதால் வந்தது. மின்சார வாரியத்துக் கணக்கர், தபால்காரர், கால்நடை ஆஸ்பத்திரிச் சிப்பந்தி என்று பலர் வீட்டுக் கூடத்தில் என் உரைநடை சட்டம் போட்டுத் தொங்குகிறது. என் நாவல் அந்த வீடுகளில் இருக்குமா என்பது சந்தேகம்.

இந்த விழா எப்படி நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. மேடையில் தம்பதிகளுக்கு இரண்டு பெரிய நாற்காலி. சால்வை, சந்தன மாலை, குத்துவிளக்கு, சுவர்க் கடிகாரம். பேசுகிறவர்களில் ஒருவராவது ஓய்வு உத்தியோகத்துக்குத்தானே தவிர உழைப்புக்கு இல்லை என்று சொல்லாமல் இறங்கமாட்டார். இன்னொருவர், இனிமேல் சார் வீட்டில் அம்மா சொல்படிதான் கேட்கவேண்டும் என்று சொல்லிச் சிரிக்க வைப்பார். பிறகு காரம், இனிப்பு, காப்பி. ஜோடித்த காரில் வீடுவரை ஊர்வலம். முன்பெல்லாம் இதற்குப் ‘பிரிவுபசாரம்’ என்று பெயர். இப்போது ‘பணி நிறைவுப் பாராட்டு விழா’ என்று அச்சடிக்கிறார்கள். எனக்கென்னவோ ‘வழியனுப்பு’ என்ற சொல்தான் பிடித்திருக்கிறது. அதில் ஒரு வழி இருக்கிறது. வழியிலே போகிற மனிதனும் இருக்கிறான்.

எங்கள் ஊரில் இந்த விழாக்கள் ஏன் மே மாதத்தில் வந்து குவிகின்றன என்று ஒருமுறை யோசித்தேன். வாத்தியார்களுக்குப் படிப்பு வருஷத்தின் நடுவில் வயது முடிந்தாலும் வருஷக் கடைசிவரை நீட்டித்துக் கொடுப்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் வேடிக்கையானது. அந்தக் காலத்தில் கிராமத்துப் பிள்ளைக்குப் பிறந்த தேதி ஏது? பள்ளிக்கூடத்தில் சேர்க்க வரும்போது, வலது கையைத் தலைக்குமேல் சுற்றி இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டுவிட்டால் ஐந்து வயது. ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது ஐந்து நிரம்பியிருக்க வேண்டுமல்லவா? தலைமை ஆசிரியர் பேனாவை எடுத்து மே மாதத்தில் ஏதாவது ஒரு தேதியை எழுதிவிடுவார். அப்படி எழுதப்பட்ட தேதியில்தான் ஐம்பத்தைந்து வருஷம் கழித்து மாலை விழுகிறது. ஒரு மனிதன் என்றைக்குக் கிழவன் ஆவான் என்பதை அவனுடைய ஒண்ணாங்கிளாஸ் வாத்தியார் தீர்மானித்திருக்கிறார்! அந்தக் கிழப் பருவமும் ஒரு நிலையில் நின்றதில்லை. நம் மாநிலத்தில் அது 58ல் நெடுங்காலம் இருந்தது. 2020ல் 59 ஆகி, 2021ல் 60 ஆயிற்று.

மடல் எழுத உட்கார்ந்தபோது வழக்கமான சொற்கள் வரவில்லை. இந்தச் சடங்கு நமக்கு எங்கிருந்து வந்தது என்ற யோசனைதான் வந்தது. நம்மிடத்தில் பிறப்புக்குச் சடங்கு உண்டு, காது குத்துக்கு உண்டு, அறுபது நிறைந்தால் அறுபதாம் கல்யாணம் உண்டு. வேலையை விட்டு இறங்குவதற்கு மட்டும் ஒன்றும் கிடையாது. ஏனென்றால் யாரும் இறங்கியதில்லை. காரமடை அரங்கநாதர் கோவில் மாசித் தேர் சமயத்தில் பந்த சேவை என்று ஒன்று நடக்கும். தாசர்கள் எரிகிற பந்தங்களை ஏந்திக்கொண்டு ஆடி வருவார்கள். தண்ணீர் சேவை என்று இன்னொன்றும் உண்டு. பந்தம் பிடிக்கிறவருக்கு வயது ஆகிவிட்டது என்று யாரும் உத்தரவு போடுவதில்லை. அப்பனுக்கு முழங்கால் ஒத்துழைக்காத வருஷம் மகன் வாங்கிப் பிடிக்கிறான். அப்பன் ஓரத்தில் நின்று ‘கோவிந்தா’ போடுகிறான். காட்டிலே உழுகிறவனுக்கும் இப்படித்தான். ஏர் பிடிக்க முடியாதபோது மாடு மேய்ப்பான். மாடு மேய்க்க முடியாதபோது கட்டிலில் உட்கார்ந்து காக்காய் விரட்டுவான். வேலை அவனை விடுவதில்லை. அதில் ஒரு கௌரவமும் இருந்தது; வேறு வழியில்லாமையும் இருந்தது. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும்.

வேலையை விட்ட பிறகும் சம்பளம்போல் ஒன்று வரும் என்ற எண்ணம் நமக்குக் கும்பினியார் கொண்டுவந்தது. அந்தப் ‘பென்ஷன்’ என்ற வார்த்தை நம் ஜனங்கள் காதில் விழுந்த நாளில், அதைக் கைநீட்டி வாங்கிக்கொண்டிருந்தவர்கள் குமாஸ்தாக்கள் அல்ல, ராஜாக்கள். 1799ல் திப்பு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் விழுந்தார். அந்த வருஷமே கோயமுத்தூர்ச் சீமை கும்பினியின் கைக்கு வந்தது. திப்புவின் பிள்ளைகளை வேலூர்க் கோட்டையில் வைத்துப் படி அளந்தார்கள். 1806ல் வேலூரில் சிப்பாய்கள் கிளம்பிய பிறகு கல்கத்தாவுக்கு ஏற்றிவிட்டார்கள். தஞ்சாவூர்ச் சரபோஜி மன்னர் 1799ல் நாட்டைக் கொடுத்துவிட்டு வருஷத்துக்கு ஒரு லட்சம் பகோடாவும், வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கும் பெற்றுக்கொண்டார். ஆர்க்காட்டு நவாபுக்கு 1801ல் இதே கதி. வேலையிலிருந்து நீக்கி, மரியாதைக்கு ஒன்றும் குறைவில்லாமல், மாதாமாதம் அளந்து கொடுப்பது! இன்றைய விழாவின் மேடை நாற்காலியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சரபோஜி ஞாபகம் வந்துவிடுகிறது. அவராவது அந்த ஓய்வில் சரஸ்வதி மகாலில் ஏடுகளையும் புஸ்தகங்களையும் சேர்த்தார்.

கும்பினி தன் சொந்த ஆட்களுக்குக் கொடுத்த கதை இன்னும் விசித்திரம். வங்காளத்து நவாப் மீர் ஜாபர் 1765ல் சாகும்போது கிளைவுக்கு ஐந்து லட்ச ரூபாய் எழுதிவைத்தார். அந்தப் பணத்தை முதலாக வைத்துத்தான் ஊனமுற்ற சோல்ஜர்களுக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும் உதவ 1770ல் ஒரு நிதி ஏற்பட்டது. காட்டிக்கொடுத்தவன் என்று நாம் பள்ளிக்கூடத்தில் படித்த மனிதருடைய பணம், கும்பினிச் சிப்பாய்களுக்கு வயோதிக காலத்துக் கஞ்சியாயிற்று.

பிறகு 1871ல் பென்ஷனுக்கென்று ஒரு சட்டம் வந்தது. அதில் இரண்டு விஷயம் எனக்கு முக்கியமாகப் பட்டது. கடன்காரன் கோர்ட்டுக்குப் போய்ப் பென்ஷனை ஜப்தி செய்ய முடியாது. நல்ல காரியம். ஆனால் பென்ஷன் வரவில்லை என்று வாங்குகிறவனும் நினைத்தபடி கோர்ட்டுக்குப் போக முடியாது. கலெக்டர் போன்ற அதிகாரியின் சம்மதச் சீட்டு வேண்டும். அதாவது, அது கூலி அல்ல, துரை மனமிரங்கிக் கொடுக்கிற தயவு. இந்தத் தயவு என்ற எண்ணம் போக இன்னும் நூறு வருஷத்துக்குமேல் ஆயிற்று.

அந்தக் காலத்து வழியனுப்புகளில் எனக்குப் பிடித்தது ஒன்றுண்டு. அதைச் சொல்லிவிட்டு ஊருக்குத் திரும்புகிறேன். கும்பகோணம் காலேஜில் தமிழ்ப் பண்டிதராக இருந்தவர் தியாகராச செட்டியார், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணாக்கர். உடம்பு சரியில்லாமல் 1880ல் வேலையை விட்டார். விடும்போது அவருக்கு ஒரே கவலை: தம் நாற்காலியில் யார் உட்காருவது? பிள்ளையிடமே பாடம் கேட்ட ஓர் இளைஞர் திருவாவடுதுறை மடத்தில் இருந்தார். வயது இருபத்தைந்து. ஆதீனகர்த்தர் சுப்பிரமணிய தேசிகருக்கு அவரை விட்டுப் பிரிய மனமில்லை. செட்டியார் விடவில்லை, மடத்திலும் பேசினார், காலேஜ் தலைவர் கோபாலராவிடத்திலும் பேசினார். பேசி, அந்த இளைஞரை மாதம் 50 ரூபாய்ச் சம்பளத்தில் தம் இடத்தில் உட்கார வைத்த பிறகுதான் அவருக்கு மனம் ஆறியது. அந்த இளைஞர் உ. வே. சாமிநாதையர். அவர் கும்பகோணம் வந்ததால்தான் அந்த வருஷமே அங்கே முன்சீபாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தார்; முதலியார் கேட்ட கேள்வியால்தான் சிந்தாமணி ஏட்டைக் கையில் எடுத்தார்; 1887ல் அது அச்சாயிற்று. பிறகு நடந்ததெல்லாம் தமிழ்நாடு அறியும். செட்டியாருக்கு யார் என்ன மாலை போட்டார்களோ, அதெல்லாம் வாடிப்போயிருக்கும். அவர் விட்டுப்போன காலி நாற்காலி இன்னும் நமக்குப் படியளக்கிறது. ஐயரும் 1919ல் சென்னை ராஜதானிக் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றார். ஓய்வு என்றால், அதற்குப் பிறகுதான் பெருங்கதையும் குறுந்தொகையும் அவர் கையால் அச்சேறின!

ஆனால் நாற்காலி உள்ளவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் ஆகுமா? எங்கள் குடும்பத்தில் முதன்முதல் ‘ரிட்டயர்’ ஆனவருக்கு நாற்காலி கிடையாது. அவர் என் அப்பாரு. கொங்குநாட்டாரல்லாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: அப்பாரு என்றால் அப்பாவின் அப்பா, அவருடைய மனைவி ஆத்தா.

போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை 1873ல் ரயில் தடம் போட்டார்கள். அது காரமடை வழியாகப் போகிறது. மலை ரயில் பிற்பாடு வந்தது. 1899ல் குன்னூருக்கும் 1908ல் உதகமண்டலத்துக்கும் ஏறிற்று. மலை ரயிலைப் பற்றிப் பாட்டும் படமும் இருக்கின்றன. கீழே சமவெளியில் கிடக்கிற எங்கள் தடத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அப்பாரு அந்தத் தடத்தில் கேங்மேன். கட்டைக்கு அடியில் சல்லியை இடித்துக் கெட்டிப்படுத்துவது, தளர்ந்த ஆணியை அடிப்பது, மழையில் மண் அரித்த இடத்தை மூடுவது. முப்பது வருஷத்துக்குமேல் செய்தார். அவர் வயதும் மதிப்பு வயதுதான். வேலைக்குச் சேர்ந்த அன்று ஆளைப் பார்த்து எழுதியது.

1957 நவம்பர் 16ந் தேதி ரயில்வேத் தொழிலாளர்களுக்குப் பென்ஷன் திட்டம் வந்தது. அதுவரை அவர்களுக்குப் பிராவிடண்டு பண்டுதான். மாதாமாதம் தொழிலாளி ஒரு பங்கு போடுவான், ரயில்வே ஒரு பங்கு போடும். கடைசி நாளில் மொத்தமாக வாங்கிக்கொண்டு போகலாம். புதுத் திட்டத்தில் ரயில்வே போட்ட பங்கை விட்டுக்கொடுத்துவிட வேண்டும். அதற்குப் பதில் சாகிறவரை மாதம் ஒரு தொகை வரும். ஏற்கெனவே வேலையில் இருந்தவர்கள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

ஒரு கேங்மேன் குடும்பம் இதை எப்படி யோசித்திருக்கும் என்பதைப் பின்னால் ஆத்தா சொல்லித் தெரிந்துகொண்டேன். இரண்டு நாள் திண்ணையில் பேசினார்களாம். கடைசியில் அப்பாரு சொன்னாராம்: "எங்கப்பன் அம்பதத் தாண்டுல. அவுங்கப்பன் அதுக்கும் முன்னாலயே போயிட்டாரு. மாசாமாசம் வாங்கறதுக்கு நா இருந்தாத்தான? செத்தவனுக்கு எவன் குடுப்பான்?" மொத்தமாகவே வாங்கிக்கொள்வது என்று ரேகை வைத்துவிட்டு வந்தார். அவர் பைத்தியக்காரத்தனமாகச் செய்தார் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அவர் கண்ணால் கண்ட சாவுகளை வைத்துக் கணக்குப் போட்டார். கணக்கு சரி, ஆயுசுதான் தப்பிப்போயிற்று.

1965ல் அவருக்கு வேலை முடிந்தது. ஸ்டேஷனுக்குப் பக்கத்துப் புங்கமரத்தடியில் கூட்டாளிகள் பத்துப் பேர் சேர்ந்து வழியனுப்பினார்கள். மாலை ஒன்று, ஆளுக்கு இரண்டு ஜிலேபி. எல்லோரும் காசு போட்டு ஈயம் பூசிய ஒரு பித்தளைத் தூக்குப்போசி வாங்கி, மூடியில் பெயர் வெட்டிக் கொடுத்தார்கள். பெயர் வெட்டினவன் ஓர் எழுத்தை விட்டுவிட்டான். அப்பாருக்குப் படிக்கத் தெரியாததால் அவர் கடைசிவரை அதை நிறைவோடுதான் பார்த்துக்கொண்டிருந்தார். மேடை இல்லை, பேச்சு இல்லை. மேஸ்திரி மட்டும் ஏதோ சொல்ல ஆரம்பித்து, தொண்டை அடைத்து, "செரி, போய்ட்டு வாங்க மாமா" என்று முடித்துக்கொண்டாராம். நான் எழுதிய மடல் எதிலும் இவ்வளவு நல்ல வாக்கியம் கிடையாது.

கையில் நாலாயிரத்துச் சொச்சம் வந்தது. அத்தனை ரூபாயை எங்கள் வீடு அதற்குமுன் ஒன்றாகக் கண்டதில்லை. கொங்குநாட்டான் கையில் மொத்தமாகப் பணம் வந்தால் என்ன செய்வான் என்பது நமக்குத் தெரியும். கிணறு வெட்டுவான். இரண்டு ஏக்கர் மேட்டுக்காடு இருந்தது. மழை பெய்தால் சோளம், கொள்ளு. தண்ணீர் இருந்தால் காடு தோட்டமாகும்; தோட்டம் இருந்தால் மகனுக்குப் பெண் கொடுக்கிற இடமே வேறு. 1966ல் வெட்டத் தொடங்கினார்கள். இருபது அடி மண், பிறகு ஓடை, பிறகு பாறை. வெடி வைத்தார்கள். நாற்பது அடியில் கசிவு கண்டதும் பூசை போட்டு ஊருக்குப் பொங்கல் கொடுத்தார்களாம். அந்தக் கசிவு சித்திரை வருவதற்குள் நின்றுவிட்டது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று வெட்டியதில் பிராவிடண்டு பண்டு முழுவதும் அந்தக் குழிக்குள் இறங்கிப்போயிற்று. என் சிறுவயதில் ஐப்பசி மழைக்குப் பத்து நாள் அதில் தண்ணீர் நிற்கும். நாங்கள் நீச்சல் பழகியது அதில்தான். முப்பது வருஷத்துக் கேங்மேன் உத்தியோகத்தின் பலன் எங்களுக்கு நீச்சலாக வந்து சேர்ந்தது!

அப்பாருவின் கூட்டாளி ஒருவர் பென்ஷனை எழுதிக்கொடுத்தவர். அவர் தீர்க்கதரிசி என்று நினைக்கவேண்டாம். மொத்தமாக வாங்கினால் மகன்கள் பிடுங்கிக்கொள்வார்கள் என்ற பயம், அவ்வளவுதான். அவருக்கு மாதம் பிறந்தால் பணம் வரும். பஞ்சப்படி ஏற ஏற அதுவும் ஏறும். அவர் அப்பாருவை டீக்கடைக்கு அழைத்துப் போவார். இருபத்திரண்டு வருஷம் அப்பாரு அந்த டீயைக் குடித்தார். 1987ல், ரிக்கார்டுப்படி எண்பது வயதில், காலமானார்.

இதற்கிடையில் டெல்லியில் ஒரு வழக்கு நடந்தது. டி. எஸ். நகாரா என்ற ஓய்வுபெற்ற மத்திய சர்க்கார் அதிகாரி தொடுத்த வழக்கு. ஒரு குறிப்பிட்ட தேதிக்குப் பிறகு ஓய்வு பெற்றவர்களுக்கு மட்டும் கூடுதல் பென்ஷன் என்று சர்க்கார் விதி செய்திருந்தது. 1982 டிசம்பர் 17ந் தேதி சுப்ரீம் கோர்ட்டில் ஐந்து நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். பென்ஷன் என்பது எஜமான் மனமிரங்கிப் போடும் பிச்சை அல்ல, முன்செய்த சேவைக்கு உரிய பாத்தியதை. தேதியைக் காட்டி ஒரே வகையினரைப் பிரிக்கக்கூடாது என்பது அதன் சாரம். பென்ஷன்காரர்கள் அந்தத் தேதியை வருஷந்தோறும் தங்கள் திருநாளாகக் கொண்டாடுகிறார்கள். கொண்டாடவேண்டியதுதான். 1871ல் இருந்த துரையின் தயவு அன்றைக்குத்தான் நன்றாக அடக்கமாயிற்று.

அப்படியானால் மொத்தமாக வாங்கியவர்களுக்கும் பென்ஷன் கொடுங்கள் என்று, பிராவிடண்டு பண்டை எழுதிக்கொடுத்த ரயில்வேக்காரர்கள் கேட்டார்கள். 1990ல் கிருஷேண குமார் என்பவர் பெயரில் நடந்த வழக்கில் அதே கோர்ட்டு, ஐந்து நீதிபதிகள், முடியாது என்றார்கள். பண்டு வாங்கியவருடைய கணக்கு அவர் வாங்கிய அன்றே தீர்ந்துவிட்டது. பென்ஷன்காரருடைய கணக்கு அவர் உயிரோடு இருக்கிறவரை நடப்பது. இரண்டு பேரும் ஒரு வகையினர் அல்லர். சட்டப்படி இதில் தப்புச் சொல்ல எனக்குத் தெரியாது. புங்கமரத்தடியில் இரண்டு பேருக்கும் ஒரே ஜிலேபிதான் கொடுத்தார்கள் என்பது கோர்ட்டின் முன் சாட்சியாக வரவில்லை.

அப்படிப்பட்டவர்களுடைய விதவைகளுக்கு மட்டும் 1986 ஜனவரியிலிருந்து மாதம் 150 ரூபாய் கருணைத் தொகை என்று சர்க்கார் உத்தரவு போட்டிருந்தது. ஆத்தாவுக்கு அது கிடைத்தது. அப்பாரு உயிரோடிருந்தபோது வராத மாதப் பணம் அவர் செத்த பிறகு வந்ததை ஆத்தா கடைசிவரை நம்பவில்லை. "செத்தவனுக்கு எவன் குடுப்பான்னு கேட்டாரு, பாத்தியா கண்ணு?" என்பாள். அந்த வயதிலிருந்து அவளுக்கு ஒரு வழக்கம். யாருக்கு உத்தியோகம் முடிந்தது என்று கேள்விப்பட்டாலும், சால்வையைப் பற்றிக் கேட்கமாட்டாள், "மாசம் என்ன வருமாம்?" என்றுதான் கேட்பாள். எங்களுக்கு வெட்கமாக இருக்கும்.

ஆத்தாவின் கேள்விக்குக் கோயமுத்தூர் மில்காரர்களிடம் நெடுநாள் பதிலே இருந்ததில்லை. 1888ல் ஸ்டேன்ஸ் துரை முதல் மில்லைத் தொடங்கினார். 1930களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் மில்கள் பெருகின. இந்த ஊரின் பாதி வீடுகள் சங்குச் சத்தத்துக்கு எழுந்து சங்குச் சத்தத்துக்குத் தூங்கின. வருங்கால வைப்புநிதிச் சட்டம் 1952ல் வந்தது. ஆண்டுக்குப் பதினைந்து நாள் கூலி என்ற கணக்கில் கிராஜுவிட்டி 1972ல் வந்தது. பென்ஷன் என்று ஒன்று 1995ல்தான் வந்தது. அதிலும் குறைந்தபட்சம் மாதம் 1,000 ரூபாயாவது உண்டு என்று 2014ல் செய்தார்கள். எங்கள் தெருவில் முப்பது வருஷம் மில்லில் நின்ற ஒருவர் இருந்தார். அவருடைய மில்லுக்கு அவருக்கு முன்னாலேயே ஆயுசு முடிந்துவிட்டது. பூட்டிய கேட்டில் ஒட்டிய தாளைப் படித்துவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். அதுதான் அவருக்கு நடந்த வழியனுப்பு. சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் மட்டும் நிம்மதியாக இருந்தார்கள் என்றால், நம் மாநிலத்தில் 2003 ஏப்ரலுக்குப் பிறகு சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்ஷனை எடுத்துவிட்டுப் பங்களிப்புத் திட்டம் என்று வைத்தார்கள். அது முதல் போராட்டம்தான்.

இவ்வளவையும் ஒரு வாழ்த்து மடலில் எழுத முடியுமா? ‘அறிவொளி பரப்பிய ஆசானே’ என்று ஆரம்பித்து வழக்கம்போல் எழுதிக் கொடுத்தேன். தலைமை ஆசிரியர் நல்ல மனிதர். ஒன்றும் பொய்யாக எழுதவேண்டியிருக்கவில்லை. மடலைப் படிக்கவும் நானே வரவேண்டும் என்றார்கள். போனேன்.

பள்ளி மைதானத்தில் சாமியானா. கூட்டம் நிறைய. அவரிடம் படித்தவர்கள் கறிவேப்பிலைத் தோட்டத்திலிருந்தும் திருப்பூர்க் கம்பெனிகளிலிருந்தும் வந்திருந்தார்கள். ஒருவன் மேடையேறி, "சார் என்னய அடிச்ச அடியிலதான் நா மனுசனானேன்" என்று சொல்லி அழுதுவிட்டான். அவரும் அழுதார். நான் மடலைப் படித்தேன், கைதட்டினார்கள். கடைசியில் பேண்டுக்காரர்கள் தயாராக நிற்கும்போது, இன்றோடு பணி நிறைவு பெறும் சத்துணவுச் சமையல் உதவியாளர் அம்மாவுக்கும் ஒரு சால்வை என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். ஓர் அம்மாள் பின்வரிசையிலிருந்து செருப்பைக் கழற்றிவிட்டு வந்தாள். சால்வை போட்டது யார் என்று நான் கவனிக்கவில்லை. அதற்குள் பேண்டு ஆரம்பித்துவிட்டது.

ஊர்வலம் போனபிறகு காப்பி குடித்துக்கொண்டு நின்றேன். அந்த அம்மாள் சால்வையை மடித்து ஒயர்க் கூடையில் வைத்துக்கொண்டிருந்தாள். ஆத்தா மாதிரி ஒல்லியான கைகள். பேசாமல் போக மனம் வரவில்லை. "எத்தனை வருஷமுங்க அம்மா?" என்று கேட்டேன்.

"கணக்குத் தெரியலீங்க. எம்மக ஒண்ணாவதுல சேந்தப்ப வந்தனுங்க. இப்ப அவ மகன் காலேசு போறானுங்க."

"மாசம் என்னங்க வரும் இனி?" ஆத்தாவின் கேள்வி என்னையறியாமல் வந்துவிட்டது.

அவள் வெட்கப்படவில்லை. "என்னமோ கொஞ்சம் வருமுன்னாங்க. எழுதிக் குடுத்திருக்குதுங்க" என்றாள். அப்புறம் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டாள்: "ஏனுங்க சாமி, நீங்க படிச்சீங்களே காயிதம், அதுல எம்பேரு வந்துச்சுங்களா? நானும் காதக் குடுத்துக் கேட்டுட்டே இருந்தனுங்க. ஒருவேள வந்து எனக்குத்தான் கேக்காமப் போயிருச்சோன்னு..."

வரவில்லை என்று சொன்னேன். "அதுக்கென்னுங்க, பரவால்லீங்க" என்றாள். உங்களுக்குத் தனியாக ஒன்று எழுதி அனுப்புகிறேன் என்றேன். அவள் சிரித்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். பெயரைத் தெரிந்துகொள்ளாமலே வந்துவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது. நண்பருக்கு எழுதி, பெயரும் எந்த வருஷத்தில் சேர்ந்தாள் என்பதும் கேட்டிருக்கிறேன். பெயரை எழுத்து விடாமல் எழுதும்படியும் கேட்டிருக்கிறேன். பள்ளிக்கூடம் திறந்ததும் ரிஜிஸ்டரைப் பார்த்துச் சொல்வதாகப் பதில் வந்திருக்கிறது.